காமாலைக்குக் கீழாநெல்லி: சோதனை சொல்வது என்ன?

"எத்தனை பாயின்ட்டு?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். எதிரே நின்ற இளைஞன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். "ஆறு புள்ளி ரெண்டுங்க, தாத்தா." கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள் பாரித்திருந்தது. கூட வந்த அம்மா, "நாலு நாளா ஒரு வாய் சோறு எறங்கலீங்க" என்றார்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் வெயில் ஏறவில்லை. திண்ணைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள். உள்வாசலில் பெரியவரின் மருமகள் முந்தின நாள் சாயங்காலமே வரப்பிலிருந்து பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்த செடிகளை அலசி, வேரோடு அம்மியில் வைத்து நசுக்குகிறார். நாலு இழுப்பில் விழுது கரும்பச்சையாகிறது. சின்ன எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஒரு டம்ளர் மோரில் கரைத்துக் கொடுக்கிறார். இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முகம் சுளிக்கிறான்.

"மூணு நாளைக்கு வெறும் வயித்துல வந்து குடிச்சிட்டுப் போ சாமி. உப்பு, புளி, எண்ணெ மூணும் ஆகாது. பத்து நாள் கழிச்சு மறுக்கா ரத்தம் குடுத்துப் பாரு. பாயின்ட்டு எறங்கியிருக்கும்."

இறங்கியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இறங்கத்தான் செய்கிறது. மூன்று தலைமுறையாக இந்தத் திண்ணைக்கு ஆள் வருவது அதனால்தான். ஆனால் அதை இறக்கியது கீழாநெல்லியா, இல்லை உடம்பு தானே இறக்கிக்கொண்டதா?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் கேட்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பதிலும் கிடைத்தது. பிறகு அந்தப் பதில் ஆட்டம் கண்டது. இன்று 'கல்லீரலைச் சுத்தம் செய்யும் கீழாநெல்லிப் பொடி' என்று செல்போனில் நாள் தவறாமல் விளம்பரம் வருகிறது, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பொடியை வாங்கும் முன் அந்தச் சோதனையின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெல்லி விளைந்த மண்

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் அரசாண்ட ஊர். நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட நெல்லிக்கனி அவனுக்குக் கிடைத்தது. தான் உண்ணாமல் அதை ஔவைக்குக் கொடுத்தான் என்பது நாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்ட கதை. புறநானூற்றில் ஔவையே அதைப் பாடியிருக்கிறார்.

அந்த நெல்லியும் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியும் தாவரவியலில் ஒரே பேரினம்: 'பில்லாந்தஸ்'. நெல்லி மரமாக நிற்கிறது; கீழாநெல்லி முழங்காலுக்குக் கீழே செடியாக நிற்கிறது. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கடுகு பருத்தாற்போலக் காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழ்க்காய் நெல்லி என்ற பெயரே கீழாநெல்லியாயிற்று. மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் மஞ்சள் தோட்டம், வாழைத் தோட்டம், நெல் வரப்பு என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் தலைகாட்டும். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. மருத்துவமனை எட்டாத காலத்தில் ஏழைக்கு எட்டிய மருந்து அது.

தரமணியில் கிடைத்த பதில்

கதையின் அடுத்த இடம் சென்னை தரமணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம். அங்கே நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, காமாலைக்கு நாட்டு மருத்துவர்கள் தரும் செடிகளை ஹெபடைடிஸ்-பி வைரஸோடு சோதனைக் குழாயில் மோதவிட்டுப் பார்த்தது. 1982-ல் வெளியான அவர்களது ஆய்வில் இரண்டு செடிகள் இருந்தன: கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி. வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைக்கும் தன்மை இரண்டிலும் தெரிந்தது.

அந்தப் புரதத்தை 1960-களில் முதன்முதலில் கண்டவர் அமெரிக்காவின் பாரூக் புளும்பெர்க். அதற்காக 1976-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர். தடுப்பூசிக்கு வழி திறந்தவரும் அவரே. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலகம் இன்று கல்லீரல் அழற்சி விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது. பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்த அவர் கீழாநெல்லியைக் கையில் எடுத்தார். வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சாறு தடுக்கிறது, அதே வகை வைரஸ் தொற்றிய விலங்குகளிலும் பலன் தெரிகிறது என்று 1987-ல் அவர் குழு எழுதியது.

அடுத்த ஆண்டு, 1988-ல், சென்னைக் குழுவும் புளும்பெர்க்கும் சேர்ந்து லண்டனின் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ்-பி வைரஸை நீண்டநாள் சுமப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து. இன்னொரு பகுதியினருக்கு அதைப்போலவே தோன்றும் வெற்று மருந்து. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் புரதம் இல்லை. நூற்றுக்கு 59 பேர். வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது மறைந்திருந்தது.

இதன் கனம் புரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று உலகெங்கும் தரப்படும் ஹெபடைடிஸ்-பி மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கின்றன. அந்த மேலுறைப் புரதத்தை ரத்தத்திலிருந்து அடியோடு நீக்குவது அவற்றுக்கும் அரிதாகத்தான் முடிகிறது. அப்படியிருக்க, வரப்பில் முளைக்கும் செடி 30 நாளில் நூற்றுக்கு 59 பேருக்கு நீக்கியது என்றால் உலகம் ஏன் பரபரப்படையாது?

ஆனால் கட்டுரையாளர்கள் கவனமானவர்கள். இது முதற்கட்ட ஆய்வு என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஊர்வாயில் '59 சதவீதம்' மட்டும் தங்கியது. 'முதற்கட்டம்' உதிர்ந்துபோனது.

வேறு ஊரில் ஏன் நிற்கவில்லை?

ஒரு மருந்து ஓர் ஊரில் வேலை செய்தால் அடுத்த ஊரிலும் செய்ய வேண்டும். 1990-ல் தாய்லாந்து மருத்துவர்கள் நோய்க்குறி இல்லாத வைரஸ் சுமப்பவர்களிடம் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் புரதம் போகவில்லை. அதே லான்செட் இதழில் அது வெளியானது. 1994-ல் நியூசிலாந்திலும் அதே முடிவு.

2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு இந்தச் செடிக் குடும்பத்தை வைத்து நடந்த 16 சோதனைகளை, மொத்தம் 1,326 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி நாள்பட்ட ஹெபடைடிஸ்-பி-க்கு நல்லது என்று சொல்லத் தக்க ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சில பலன்கள் தெரிந்தன; ஆனால் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட விதம் நம்பத் தக்கதாக இல்லை, இன்னும் பெரிய, ஒழுங்கான சோதனைகள் வேண்டும் என்றது.

அப்படியானால் சென்னையில் கண்டது பொய்யா? அப்படிச் சொல்வது அவசரம். வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். முதல் காரணம் செடி. ஆரம்பத்தில் இந்தச் செடியை ஒரு தாவரவியல் பெயரில் எழுதினார்கள். அது உண்மையில் அதன் நெருங்கிய உறவான வேறு இனம் என்பது பிறகே தெளிவானது. மண், மழை, பறித்த மாதம், உலர்த்திய விதம் எல்லாமே செடிக்குள் இருக்கும் வேதிப்பொருளின் அளவை மாற்றும். இரண்டாவது, சாறு எடுத்த முறை. தண்ணீரில் இறங்குவது வேறு, சாராயத்தில் இறங்குவது வேறு. மூன்றாவது, நோயாளிகள். தாயிடமிருந்து பிறக்கும்போதே வைரஸ் வாங்கியவர் உடம்பும் வளர்ந்த பிறகு வாங்கியவர் உடம்பும் ஒன்றல்ல. நான்காவது, 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் முடிவுபோலத் தோன்றும்.

இவற்றில் எது என்று பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. ஒரே இனம், ஒரே நிலம், ஒரே முறையில் எடுத்த சாறு, போதுமான நோயாளிகள். பல ஊர்களில் ஒரே நேரத்தில் செய்து பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் கீழாநெல்லி இன்னும் காத்திருக்கிறது.

[பெட்டிச் செய்தி] ஒரு சாறு மருந்தாக எத்தனை படி?

• அடையாளம்: தாவரவியலாளர் இனத்தை உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

• சாறு: நிழலில் உலர்த்தி, பொடித்து, எந்தக் கரைப்பானில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பதிவு செய்ய வேண்டும். கீழாநெல்லியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் போன்ற பொருள்களை அளவிட்டால் இந்தக் கட்டுச் சாறும் அடுத்த கட்டுச் சாறும் ஒன்றா என்று தெரியும்.

• கண்ணாடிச் சோதனை: செல்களிலும் கிருமிகளிலும் பார்ப்பது.

• விலங்குச் சோதனை: பலன் ஒருபுறம், நச்சுத்தன்மை மறுபுறம்.

• மனிதரில் பாதுகாப்பு: சிறு குழுவில், குறைந்த அளவில் தொடங்குவது.

• ஒப்பீட்டுச் சோதனை: யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் கொடுப்பது. இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம்.

• மறுசோதனை: வேறு ஊரில், வேறு கைகளில், அதே முடிவு வர வேண்டும்.

தட்டோடு நின்றுபோகும் ஆய்வுகள்

தர்மபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகம். எம்.எஸ்சி. மாணவி ஒருவர் நிழலில் காய்ந்த செடிப் பொடியைத் துணிபோன்ற காகிதக் குழலில் நிரப்பி, 'சாக்ஸ்லெட்' என்ற கண்ணாடிக் கருவிக்குள் இறக்குகிறார். கீழே கரைப்பான் கொதிக்கிறது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, துளித்துளியாகப் பொடிமேல் விழுகிறது. குழல் நிரம்பியதும் பச்சைத் திரவம் சட்டென்று கீழே வழிந்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் பச்சை வெளிறிக்கொண்டே வருகிறது. கடைசியில் பீக்கரின் அடியில் தேன்போல ஒட்டும் கரும்பச்சைச் சாறு மிஞ்சுகிறது.

அதில் நனைத்த வட்டக் காகிதத் துண்டைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரவு விடுகிறார். மறுநாள் காலையில் துண்டைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு தெளிந்த வளையம். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் அளக்கும்போது அவர் முகத்தில் தெரிகிற மலர்ச்சியை மறக்க முடியவில்லை. "வந்திருச்சு சார்!"

அந்த உழைப்பு உண்மையானது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பெரியவர்கள் சொன்ன செடிகளைச் சுமந்து வந்து இப்படிச் சோதிக்கும் மாணவர்கள் இந்த மாவட்டத்தின் சொத்து. ஆனால் அந்த வளையம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த அளவுச் சாறு இந்தக் கிருமிக்கு நேராகப் பட்டால் அது வளரவில்லை. நாம் விழுங்கும் மருந்து கிருமிமேல் நேராகப் படுவதில்லை. வயிற்று அமிலத்தைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கரைந்து, கல்லீரலைச் சேரும்போது எவ்வளவு மிச்சமிருக்கும்? தட்டில் இருப்பது பாக்டீரியா. ஊரில் பரவும் தொற்றுக் காமாலையைத் தருவதோ பெரும்பாலும் வைரஸ். தட்டில் வளையம் வந்ததால் காமாலை குணமாகும் என்று எழுதிவிட முடியாது.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு மாணவி இன்னொரு செடியோடு அதே முதல் படியிலிருந்து தொடங்குகிறார். இரண்டாவது படிக்கு ஏற ஆளும் இல்லை, பணமும் இல்லை. இந்த இழப்பு மாணவிக்கு மட்டுமல்ல, செடிக்கும்தான்.

[பெட்டிச் செய்தி] சோதனை திறந்த கதவுகள்

நித்திய கல்யாணி: சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடி. சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையைச் சோதிக்கத்தான் 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் இருவரும் முனைந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்து பிறந்ததுதான் வின்பிளாஸ்டின். அதே செடி தந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கைகொடுக்கிறது.

சர்ப்பகந்தா: இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளிடம் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அதன்பிறகுதான் இந்த வேரைக் கவனித்தது.

ஆர்ட்டிமிசினின்: சீனாவின் தூ யூயூ, மலேரியாவுக்கான மூலிகையைக் கொதிக்கவைத்தபோது பலன் சரியாக நிற்கவில்லை. பச்சையாகப் பிழிந்த சாறு பற்றிய பழைய நூற்குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார்; மருந்து கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசு.

பாயின்ட் இறங்கினால் போதுமா?

திண்ணைப் பெரியவர் கேட்ட 'பாயின்ட்' என்பது ரத்தத்தில் உள்ள பிலிருபின் அளவு. ஏறத்தாழ 1-க்குள் இருக்க வேண்டியது ஏறும்போது கண் மஞ்சளாகிறது. அது நோயின் பெயரைச் சொல்லாது. வீட்டில் புகை வருகிறது என்று மட்டும் சொல்லும். எரிவது எது என்று சொல்லாது.

கெட்ட தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ்-ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். ஓய்வும் உணவும் போதும். இந்த நோயாளிக்குக் கீழாநெல்லி கொடுத்தாலும் பாயின்ட் இறங்கும், வெறும் மோர் கொடுத்தாலும் இறங்கும். புகழ் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் மற்ற காமாலைகளில் இருக்கிறது. பித்தக்குழாயில் கல் அடைத்தும் கண் மஞ்சளாகும். குடியால் வெந்த கல்லீரலும் மஞ்சளாக்கும். எலி பேஸ்ட் தின்றவருக்கும் சில நாள் கழித்துக் காமாலை வரும். தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ்-இ மற்றவர்களுக்கு அடங்கிவிடும், கர்ப்பிணிக்கு உயிர்க்கேடாகலாம். இவர்களுக்குப் பத்து நாள் பத்தியம் என்பது பத்து நாள் தாமதம். சிலருக்கு அந்தப் பத்து நாள்தான் உயிர்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன் ஹெபடைடிஸ்-பி. வளர்ந்தவர்களைத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு உடம்பே வைரஸை வெளியேற்றிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கும். அப்படித் தங்கியவருக்குப் பாயின்ட் ஒன்றுக்குள்ளேயே இருக்கலாம். கண் வெள்ளையாக இருக்கும், வேலைக்குப் போவார், கல்யாணம் செய்வார். உள்ளே இருபது முப்பது ஆண்டில் கல்லீரல் சுருங்கிக் கட்டியாகும். "அப்பவே காமாலை வந்துச்சு, மருந்து குடிச்சு பாயின்ட்டு எறங்கிருச்சு" என்று சொல்லி, வயிறு வீங்கியபின் வந்து சேர்கிறவர்களைக் கல்லீரல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

என் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. என் பெரியப்பா. முப்பது வயதில் காமாலை, மூன்று நாள் மருந்து, பாயின்ட் இறங்கியது, ஊருக்கே விருந்து வைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் ரத்த வாந்தி எடுத்தபோதுதான் உள்ளே இருந்தது ஹெபடைடிஸ்-பி என்று தெரிந்தது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். அதில் ஒருநாள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் போதும். அவருக்கு மருந்து கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பாயின்ட்டைப் பார்த்தார். பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த இன்னொன்றின் பெயர் 'எச்பிஎஸ்ஏஜி' பரிசோதனை. ஒரு துளி ரத்தம், சில நிமிடம். நோய் இருப்பது தெரிந்தால் சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு அரசே இலவசமாக மாத்திரை தரும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசி, வைரஸ் தாயிடமிருந்து தொற்றுவதைப் பெருமளவு தடுக்கும். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். கீழாநெல்லியால் இன்னும் மெய்ப்பிக்க முடியாததை இந்த ஊசி ஏற்கெனவே மெய்ப்பித்துவிட்டது.

[பெட்டிச் செய்தி] காமாலையா? தாமதிக்காதீர்கள்

• கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனை.

• பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் சாறு, சங்கு மருந்து எதுவும் வேண்டாம். மருத்துவர் அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஒளிச் சிகிச்சை தருவார்.

• குழப்பமான பேச்சு, பகலில் தூக்கம் இரவில் விழிப்பு, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, வயிறு வீக்கம், கடும் வயிற்றுவலி, காய்ச்சலோடு குளிர் நடுக்கம்: ஒருமணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

• கண்ணிலோ மூக்கிலோ மூலிகைச் சாறு விடுவதும், சூடு போடுவதும் கூடவே கூடாது.

• மதுவை நிறுத்துங்கள். காய்ச்சல் மாத்திரை உட்பட எதையும் மருத்துவரைக் கேட்டே எடுங்கள்.

• எந்த மருந்து குடித்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பாக்கெட்டுக்குள் எந்தச் செடி?

அம்மியில் அரைத்தது எந்தச் செடி என்று பெரியவரின் மருமகளுக்குத் தெரியும். காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் பறிக்கிறார். "தண்டு செவப்பா இருந்தா, காய் சொரசொரன்னு ஒட்டியிருந்தா அது வேறங்க. இதுல காய் வழவழன்னு சின்னக் காம்புல தொங்கும்." எந்தத் தாவரவியல் நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

கடையில் வாங்கும் பொடியில் காம்பும் இல்லை, காயும் இல்லை. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கி, மரபணு முறையிலும் சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. 76 சதவீதக் கடைகளில் சரியான செடியே பெரும்பான்மை. மீதி 24 சதவீதத்தில் மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி உட்பட அதே பேரினத்தின் வேறு ஐந்து இனங்கள் கிடைத்தன. விற்பவர் வஞ்சகம் செய்தார் என்றில்லை. களை பிடுங்கும் கூலியாள் கட்டிக் கொடுத்தது மூட்டையாகி, மூட்டை பொடியாகி, பொடி பாக்கெட்டாகிறது. ஆனால் நாலு கடைக்கு ஒரு கடையில் வேறு செடி இருந்தால், எந்தச் சாற்றுக்கு என்ன பலன் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

சொன்னவர்களுக்கு என்ன பங்கு?

சித்தேரி மலைவாழ் மலையாளி மக்களிடம் செடியறிவு தேடி ஆய்வாளர்கள் பல காலமாகப் போய் வருகிறார்கள். கட்டுரைகள் வெளியாகின்றன. செடியைக் காட்டியவர் தன் வீட்டில் அப்படியே இருக்கிறார்.

இதற்கு ஒரு மாற்று நம் பக்கத்திலேயே நடந்தது. அகத்தியமலையில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து, திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் அவர்களுக்கு அறக்கட்டளை அமைந்தது. குறைகள் இல்லாத ஏற்பாடு அல்ல. ஆனாலும் செடியைச் சொன்னவருக்கும் பங்கு உண்டு என்று உலகுக்குக் காட்டிய ஏற்பாடு. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் அந்தப் பங்கை உரிமையாக்கியது. தர்மபுரி மலைகளில் சோதனைக்குச் செடி எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும்.

நிலவேம்பு கற்றுக்கொடுத்த பாடம்

2012-ல் டெங்கு உலுக்கியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. 2017-ல் ஆய்வு முடியும்வரை தன் நற்பணி இயக்கத்தினர் அதை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் சொன்னபோது பெரிய வாதம் எழுந்தது. ஒருபக்கம் நம்பிக்கை, மறுபக்கம் சந்தேகம். ஆய்வகச் செல்களில் வைரஸை அது எதிர்ப்பதாகக் காட்டும் ஆய்வும் பின்னர் வந்தது. ஆனால் லட்சக்கணக்கானோர் குடித்த அத்தனை ஆண்டுகளில், குடித்தவர் யார், குடிக்காதவர் யார், யாருக்கு எத்தனை நாளில் காய்ச்சல் இறங்கியது என்று ஒரு மாவட்டத்தில் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால் அந்த வாதத்துக்கே முடிவு கிடைத்திருக்கும்.

தர்மபுரியால் அதைச் செய்ய முடியும். 2008 முதல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவுகள் இருக்கின்றன. கல்லூரிகளில் சாக்ஸ்லெட்டோடு காத்திருக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; ஒரே இனத்தை ஒரே நிலத்தில் வளர்த்துத் தர அதனால் முடியும். செடியைத் திருப்பிப் பார்த்து அடையாளம் சொல்லும் கைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. இந்த ஐந்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிச் சிகிச்சையை நிறுத்தாமல், அதோடு கீழாநெல்லி சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விடை ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அது நம்முடைய விடை.

அதியமான் நெல்லிக்கனியின் அருமையைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்தான். சொன்னால் வாங்கமாட்டார் என்ற அன்பு அது. மருத்துவச் சோதனைக்கு வேறு அறம்: என்ன கொடுக்கிறோம், எது தெரியும், எது தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கீழாநெல்லியை நேசிக்கிறவர்கள் அதற்கு இந்த மரியாதையைத் தர வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை, செடியைச் சோதிக்கும் முன்பு நோயாளியைச் சோதித்துவிட வேண்டும்.

இதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பெரியவரிடம் சொன்னேன். இளைஞனின் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிலிருபின் மட்டும்தான் இருந்தது. எச்பிஎஸ்ஏஜி இல்லை. பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பேரு என் வாயில நொழையாதுங்க. சீட்டுல எப்படி இருக்கும்னு பெருசா எழுதிக் குடுங்க. சுவத்துல ஒட்டி வெச்சிக்கிறேன்."

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஆங்கில எழுத்துகளைக் கொட்டை கொட்டையாக எழுதிக் கொடுத்தேன். மருமகள் சோற்றுப் பசை தடவி, அம்மிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பெரியவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு இளைஞன் பக்கம் திரும்பினார்.

"செடி வரப்புலதான் இருக்குது, ஓடிப்போகாது. மொதல்ல தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போயி இந்த எழுத்து உன் சீட்டுல இருக்குதான்னு பாத்துட்டு வா, சாமி."

எட்டரை மணி டவுன் பஸ்ஸுக்கு அம்மாவும் மகனும் சாலையை நோக்கி நடந்தார்கள்.